யாருடைய அச்சம் சட்டமாகிறது?

ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள், இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைவுகூரும் கல்லறைத் திருநாளன்று, அந்தியூர் வட்டாரத்தில் வாழும் நாமும் மண்வெட்டியும் அரிவாளும் ஏந்திக் கல்லறைத் தோட்டத்திற்குச் செல்கிறோம். புதர்களை வெட்டுகிறோம்; சரிந்த மேடுகளுக்கு மண் அணைக்கிறோம்; சாமந்தி மாலை சூட்டி மெழுகுதிரி ஏற்றுகிறோம். அங்கே காசநோயால் மாண்டவர் உறங்குகின்றனர். வாந்திபேதியால் மாண்டவர் உறங்குகின்றனர். குழந்தைகள் அம்மேடுகளுக்கு இடையே ஓடி விளையாடுகின்றனர். எவரும் அஞ்சுவதில்லை.

ஆனால், 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் குவிக்கப்பட்ட மேடு ஒன்றின் முன்னே நிற்கும்போது நாம் ஒருவர் முகத்தை மற்றவர் பார்ப்பதில்லை. அம்மேட்டிற்குரிய முதியவர் நம் அன்பியத்தைச் சேர்ந்தவர். ஞாயிறு தவறாமல் கோவில் முற்றம் பெருக்கியவர். அவரை அடக்கம் செய்த நாளில், கூட்டங்களில் முன்வரிசையில் அமரும் நாம் எவரும் அங்கே இல்லை. மாடியில் நின்றவாறு ஊர்தி செல்வதைப் பார்த்தோம். பிறகு சன்னலைச் சாத்திக்கொண்டோம். ஐம்பதடி தள்ளி நின்று ஒரு செபம் சொல்லியிருந்தாலும் நமக்கு எத்தீங்கும் நேர்ந்திராது. இதனை இன்று அறிகிறோம் என்பதன்று நம் குற்றம். அன்றே அறிந்துகொள்ள வழியிருந்தும் அறிய விரும்பாததே நம் குற்றம்.

இக்குற்றம் நம்மோடு நின்றுவிடவில்லை. தனி மனிதரின் அச்சம் தெருவின் அச்சமாயிற்று. தெருவின் அச்சம் அலுவலகத்தின் ஆணையாயிற்று. இதனை நாம் எதிர்த்துப் பேசியே ஆகவேண்டும்.

2020 ஏப்ரல் 19 அன்று சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் எர்குலிஸ் கொரோனாத் தொற்றால் இறந்தார். அவர் கிறிஸ்தவர். கீழ்ப்பாக்கம் கல்லறையில் அவரை அடக்கம் செய்யக் குடும்பத்தினர் முயன்றபோது எதிர்ப்பு எழுந்தது. வேலங்காடு இடுகாட்டிற்குக் கொண்டு சென்றபோது கற்களும் கட்டைகளும் பறந்தன. ஊர்தியின் கண்ணாடி உடைந்தது. உடன் வந்தோர் குருதி சிந்தினர். குடும்பத்தினர் உடலை விட்டு உயிர்தப்பி ஓட நேர்ந்தது. இறுதியில் உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர், துணைக்கு ஓரிருவரோடு, இரவில் தாமே மண் தள்ளி அவரைப் புதைத்தார். மருத்துவமனையில் நமக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்த ஒருவருக்கு ஆறடி மண்ணின் கதவை நாம் அடைத்தோம்.

அந்நாளில் உண்மை அறியப்படாமலா இருந்தது? இல்லை. இறந்தோர் உடலைக் கையாளும் முறை பற்றி நடுவண் அரசின் நலவாழ்வு அமைச்சகம் 2020 மார்ச் நடுவிலேயே நெறிமுறைகளை வெளியிட்டிருந்தது. புதைத்தலும் எரித்தலும் இரண்டும் அவற்றில் அனுமதிக்கப்பட்டிருந்தன. கொரோனாவால் இறந்தவரின் உடலிலிருந்து எவருக்கேனும் தொற்று வந்ததற்குச் சான்று இல்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் அதே மார்ச் 24 அன்று எழுத்தில் கூறியது. அந்நோய் மூச்சின் வழியே பரவுவது. பிணம் மூச்சுவிடுவதில்லை, இருமுவதில்லை. முறைப்படி உறையிட்டு ஆழப் புதைத்த உடலால் அடுத்த தெருவுக்கு என்ன கேடு வரும்?

நோயைப் பற்றிய அச்சம் பொய்யன்று. அரசின் கணக்குப்படியே தமிழகத்தில் 38,000க்கும் மேற்பட்டோர் அதனால் மாண்டனர். 2020 மார்ச் 22 அன்று நடுவண் அரசு முடக்கத்திற்கெனக் குறித்த 75 மாவட்டங்களுள் தமிழகத்தைச் சேர்ந்தவை மூன்று: சென்னை, காஞ்சிபுரம், ஈரோடு. ஆதலால் நோயின் சூட்டை முதலில் உணர்ந்தோருள் நாமும் இருந்தோம். ஆனால் அச்சத்தின் இலக்கு தவறியது. மூச்சு முட்டும் சிற்றறைகளில், காற்றோட்டமில்லா மண்டபங்களில் கூடியிருக்க அஞ்சாத நாம், பிணத்திற்கு அஞ்சினோம். தெருத்தெருவாகக் கிருமிநாசினி தெளித்தார்கள். அவ்வாறு தெளிப்பதால் பயனில்லை என்று 2020 மே மாதம் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்த பின்னரும் தெளிப்பு நின்றபாடில்லை. ஏன்? தெளிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. சன்னலைத் திறந்து வைப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. அச்சத்திற்கு வேண்டியது பாதுகாப்பு அன்று. ஏதோ செய்யப்படுகிறது என்னும் காட்சி.

அரசு என்ன செய்தது? கற்களெறிந்தோரைக் கைது செய்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஏப்ரல் 26 அன்று, அடக்கத்தைத் தடுப்போருக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கும் அவசரச் சட்டம் பிறந்தது. இவை பாராட்டுக்குரியவை. ஆனால் அதே கை அடுத்த வாரமே வேறு திசையில் நீண்டது. தம் கணவரின் உடலைத் தோண்டியெடுத்துக் கீழ்ப்பாக்கத்தில் அவர் விரும்பிய இடத்தில் அடக்கம் செய்ய வேண்டுமென்று அம்மருத்துவரின் மனைவியார் கேட்டபோது, அது பாதுகாப்பானதன்று என்று கூறி மாநகராட்சி மே மாதத் தொடக்கத்தில் மறுத்தது. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியிடமிருந்து சாதகமான தீர்ப்பைப் பெற அவருக்கு 2021 மார்ச் 31 வரை ஆயிற்று. அச்சத்தைத் தண்டிக்கும் சட்டமும் அச்சத்திற்குப் பணியும் ஆணையும் ஒரே மாதத்திற்குள் பிறந்தன!

கடலுக்கு அப்பால் இதனினும் கொடியது நிகழ்ந்தது. இலங்கை அரசு 2020 ஏப்ரலில் அரசிதழ் வெளியிட்டுக் கொரோனாவால் இறந்த அனைவரையும் எரித்தே ஆகவேண்டும் என்றது. நிலத்தடி நீர் மாசுபடும் என்பது சொல்லப்பட்ட காரணம். நச்சுயிரியல் அறிஞர் மலிக் பீரிஸ் போன்றோர் அவ்வச்சத்திற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று விளக்கினர். உலகெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் உடல்கள் புதைக்கப்பட்டு வந்தன. ஆயினும் இருநூறுக்கும் மேற்பட்ட இசுலாமியரின் உடல்கள், அவர்தம் சமயத்திற்கு மாறாக, உற்றாரின் கண்ணீரைப் பொருட்படுத்தாது எரிக்கப்பட்டன. பிறந்து இருபதே நாள்களான பச்சிளங் குழந்தையும் அவற்றுள் ஒன்று. 2021 பிப்ரவரி இறுதியில் தடை நீங்கியதும் அரசு தேர்ந்த முதல் இடம் எது தெரியுமா? இரணைதீவு. நம் தமிழ்க் கத்தோலிக்க மீனவர் 1992இல் இழந்து, நெடுநாள் போராடி 2018இல்தான் திரும்பிய மண். அவர்கள் எதிர்த்தெழுந்தனர், உடல்கள் ஓட்டமாவடிக்குச் சென்றன. ஒரு சிறுபான்மையின் துயரத்தை இன்னொரு சிறுபான்மையின் முற்றத்தில் இறக்கிவைப்பதே அச்சத்தின் ஆட்சி. 2024 சூலையில் இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவு செய்தது. சாம்பலிடம் கேட்ட மன்னிப்பு!

“மக்களாட்சியில் மக்கள் அஞ்சினால் அரசு அதற்குச் செவிசாய்க்க வேண்டாமா?” என்று நம்மைக் கேட்போர் உண்டு. கேள்வி நேர்மையானது. செவிசாய்க்கத்தான் வேண்டும்; ஆனால் செவிசாய்த்தல் வேறு, தலைசாய்த்தல் வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூரைக் கொள்ளைநோய் மீண்டும் மீண்டும் தாக்கியபோது மக்கள் வீடுகளைத் துறந்து வெளியேறினர். பிளேக் மாரியம்மன் என்னும் பெயரோடு இன்றும் நிற்கும் கோவில்கள் அவ்வச்சத்தின் சாட்சிகள். அவ்வச்சத்தில் பொருள் இருந்தது. மருந்தில்லாத அந்நாளில் அந்நோய் கண்டோரில் பாதிப்பேர் மாண்டனர். எலி செத்து விழும் வீட்டை விட்டு நீங்குவது அறிவுடைமையே. அதுபோலவே 2020 மார்ச்சில் எவரும் முழுமையாக அறியாத நோயின் முன் எச்சரிக்கை காட்டியதும் தவறன்று. தவறு எப்போது தொடங்குகிறது? அறிவு வந்த பின்னும் அச்சம் தன் இருக்கையை விட்டு எழ மறுக்கும்போது.

நம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். பர்கூர் மலையடிவாரத்தில் மஞ்சள் காட்டிலும் கரும்புக் காட்டிலும் வெறுங்காலோடு இறங்கும் உழவரை உண்மையில் கொல்வது எது? இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறந்தனர் என்று ஆய்வு மதிப்பிட்டது. தமிழகச் சாலைகளில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 17,884 பேர் மாண்டனர். தலைக்கவசமின்றி மூவராக ஒரே வண்டியில் திருப்பலிக்கு வருகிறோமே, அப்போது நமக்கு நடுக்கம் வருவதுண்டா? பழகிய சாவு நம்மை அச்சுறுத்துவதில்லை. புதிய சாவு மட்டுமே அச்சுறுத்துகிறது. ஆகவே நச்சுமுறி மருந்துக்காகவும், சாலைத் திருப்பத்திற்கொரு விளக்குக்காகவும் எவரும் சாலை மறியல் செய்வதில்லை. கூக்குரல் எழாத இடத்தில் அரசின் பணமும் பாய்வதில்லை.

இதனினும் கசப்பான உண்மை ஒன்றுண்டு. எல்லா அச்சத்திற்கும் அரசு பணிவதில்லை. நொய்யலாற்றை நினைத்துப் பாருங்கள். 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை உழவருக்கு நீர் தருவதற்கென்று எழுந்தது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு அதிலே தேங்கிற்று. கிணறு கெட்டது, தென்னை வாடிற்று, மாடு குடிக்க மறுத்தது. உழவர் அஞ்சினர்; முறையிட்டனர். அவ்வச்சம் பொய்யன்று, கண்ணால் கண்டது, நாவால் சுவைத்தது. அதற்கு அரசு உடனே பணிந்ததா? உழவர் நீதிமன்றப் படியேறி 2006இல் தீர்ப்புப் பெற்றும் கழிவு நிற்கவில்லை. 2011 சனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கரைந்தன. தொழில் வேண்டும், ஏற்றுமதி வேண்டும், பல்லாயிரவர் பிழைப்பு வேண்டும் என்ற வாதங்களை நாம் எளிதாகத் தள்ளவில்லை. அவற்றிலும் உண்மை உண்டு. ஆனால் அந்த நிதானம், அந்த ஆய்வுக் குழு, அந்தப் பொறுமை ஒரு மருத்துவரின் உடலுக்கு ஏன் கிடைக்கவில்லை?

விடை வெளிப்படை. எளியவரை நோக்கி நீளும் அச்சம் ஒரே இரவில் ஆணையாகிறது. வலியவரை நோக்கி நீளும் அச்சம் இருபது ஆண்டுகள் வாயிலில் காத்துக்கிடக்கிறது. முன்னதை ‘மக்கள் உணர்வு’ என்கிறார்கள். பின்னதை ‘அறியாமை’ என்கிறார்கள். ஆபத்தின் அளவு எங்கும் எடைபோடப்படுவதில்லை. எதிர்ப்போரின் வலிமை மட்டுமே எடைபோடப்படுகிறது. பிணம் வழக்குத் தொடுக்காது, வாக்களிக்காது. ஆகவே பிணத்திற்கு எதிரான அச்சத்திற்குப் பணிவதில் அரசுக்குச் செலவே இல்லை.

திருஅவையின் மக்களாகிய நமக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. இறந்தோரை அடக்கம் செய்தல் உடல்சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழனுள் ஒன்று. சிறுவயதில் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்தோமே! தோபித்து, அரசனின் சினத்திற்கு இலக்காகி, உடைமை இழந்தும், அண்டை வீட்டார் நகைத்தும், தெருவில் கிடந்த தம் இனத்தாரின் உடல்களைப் புதைப்பதை விடவில்லை. அவருக்கிருந்த ஆபத்து உண்மையான ஆபத்து. நமக்கிருந்ததோ பெரும்பாலும் கற்பனை ஆபத்து. அவர் புதைத்தார், நாம் சன்னலைச் சாத்தினோம்.

எல்லாரும் அவ்வாறு இருக்கவில்லை என்பது ஆறுதல். பெங்களூரு உயர்மறைமாவட்டத்தில் தன்னார்வலர் குழு ஒன்று முன்வந்து உடல்களை அடக்கம் செய்தது. தமிழகத்தில் தமுமுக தொண்டர்கள் சமயம் பாராது பிறர் உடல்களைச் சுமந்தனர். அவர்களுள் பலர் நம்மவரின் உடல்களையும் சுமந்திருக்கக் கூடும். ஆலப்புழை மறைமாவட்டத்தில் சிக்கல் வேறாக இருந்தது. நீர்மட்டம் உயர்ந்த அம்மணலில் ஆழக் குழி தோண்ட இயலவில்லை. அங்கே ஆயர் 2020 சூலையில், கல்லறை வளாகத்திலேயே உடலை எரித்துச் சாம்பலை அடக்கம் செய்ய இசைவளித்தார். உண்மையான இடர்ப்பாட்டை ஆராய்ந்து, இறந்தவரின் மாண்பு குன்றாமல் வழி கண்டனர். இலங்கையிலும் நிலத்தடி நீர்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் அங்கே இடத்திற்கு இடம் ஆராய்ந்து பாராமல், நாடு முழுமைக்கும் ஒரே தடை விதிக்கப்பட்டது. அறிவுக்கும் அச்சத்திற்கும் உள்ள தொலைவு இதுவே.

எனவே நாம் கேட்பவை சில. அடுத்த நோய் வரும். வாராதென்று எவரும் உறுதி கூற இயலாது. அது வருமுன்னே, அரசு பிறப்பிக்கும் ஒவ்வொரு தடையாணையிலும் இன்ன சான்றின்மேல் இத்தடை நிற்கிறது, இன்ன நாளில் மறு ஆய்வு செய்யப்படும் என்னும் இரண்டு வரிகள் கட்டாயம் இடம்பெற வேண்டும். ஊராட்சி தோறும், ஊர்மொழியில், கேள்விக்கு விடை சொல்லும் மருத்துவ அலுவலர் ஒருவர் முதல் வாரமே மக்கள் முன் நிற்க வேண்டும். இடுகாடுகளும் கல்லறைகளும் எவருக்கும் மறுக்கப்படா என்பது நோயற்ற நாளிலேயே உறுதி செய்யப்பட வேண்டும்.

நம்மிடமும் ஒன்று கேட்கிறோம். ஒவ்வொரு பங்கிலும் பயிற்சி பெற்ற அடக்கக் குழு ஒன்று அமையட்டும். பத்துப் பேர் போதும். கையுறை, முகக்கவசம், உடல் உறை, உண்மையறிந்த மருத்துவர் ஒருவரின் வழிகாட்டல் ஆகியவை போதும். வரும் கல்லறைத் திருநாளில் அந்த மே மாத மேட்டின் முன் நாம் கூடும்போது, முதியவரின் மகளிடம் மன்னிப்புக் கேட்டபின், அக்குழுவின் பெயர்ப்பட்டியலைப் பங்குத்தந்தையின் கையில் கொடுப்போம். முதல் பெயர் நம்முடையதாக இருக்கட்டும்.