படபடப்பு நின்னுடுச்சு... மாத்திரையையும் நிறுத்தலாமா? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் பலரும் சறுக்கும் இடம் இதுதான்!

கையில் கட்டியிருக்கும் வாட்ச் இப்போதெல்லாம் மணி மட்டும் காட்டுவதில்லை. "உங்கள் இதயத் துடிப்பு சீராக இல்லை" என்றும் எச்சரிக்கிறது. அதைப் பார்த்து பதறியடித்து மருத்துவமனைக்கு ஓடுபவர்களும் உண்டு. "வாட்ச்ல ஏதோ கோளாறு" என்று தட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

அந்த அலர்ட் தேடுவது 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்ற பிரச்சினையைத்தான். சுருக்கமாக ஏ-ஃபிப். இது இருப்பவர்கள் வேலைக்குப் போகிறார்கள், பயணம் செய்கிறார்கள், பல ஆண்டுகள் இயல்பாக வாழ்கிறார்கள். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கும் ஏ-ஃபிப் உண்டு. அவர் பதவியில் இருந்தபோதே வெள்ளை மாளிகை மருத்துவரின் அறிக்கை அதை வெளிப்படையாகச் சொன்னது.

ஆனால், ஒரு விஷயத்தில் பலரும் தப்புக்கணக்கு போடுகிறார்கள். படபடப்புதான் நோய் என்று நினைத்து, அது நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். ஏ-ஃபிப்பில் பெரிய ஆபத்து காத்திருப்பது மூளையில். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

இதயத்துக்குள்ள என்னதான் நடக்குது?

இதயத்தில் மேலே இரண்டு, கீழே இரண்டு என மொத்தம் நான்கு அறைகள். வலது மேல் அறையில் இருக்கும் இயற்கையான 'பேஸ்மேக்கர்' மின் துடிப்பை அனுப்ப, அதற்கேற்ப அறைகள் வரிசையாகச் சுருங்கி விரியும். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிப்பது இயல்பு.

ஏ-ஃபிப்பில் இந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. மேல் அறைகளில் நிமிடத்துக்கு 300 முறைக்கும் மேல் மின் துடிப்புகள் தாறுமாறாகக் கிளம்பும். அந்த வேகத்துக்கு அறையால் முழுதாகச் சுருங்க முடியாது, நடுங்கத்தான் முடியும். நல்லவேளையாக, மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே ஒரு 'கேட்' இருக்கிறது. எல்லாத் துடிப்பையும் அது கீழே விடுவதில்லை. அப்படியும் கசிந்து வருபவை கீழ் அறைகளை வேகமாகவும் ஒழுங்கில்லாமலும் துடிக்க வைக்கின்றன.

இதனால் சிலருக்கு நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், தலை சுற்றும், மாடிப்படி ஏறினாலே அசந்து போவார்கள். சிலருக்கோ எதுவுமே தெரியாது. வேறு எதற்காகவோ ஈசிஜி எடுக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். பைடனுக்கும் அறிகுறி எதுவும் இல்லை என்றே அவருடைய மருத்துவர் குறிப்பிட்டிருந்தார்.

சரி, மூளைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஓடாத தண்ணீர் பாசி பிடிக்கும். ரத்தமும் அப்படித்தான், தேங்கினால் உறையும். இடது மேல் அறையின் ஓரத்தில் காது மடல் மாதிரி ஒரு சின்னப் பை இருக்கிறது. அறை நடுங்கிக்கொண்டே இருப்பதால் அந்தப் பைக்குள் ரத்தம் தேங்கி, கட்டியாகிறது. வால்வு நோய் இல்லாத ஏ-ஃபிப் நோயாளிகளில், இடது மேல் அறையில் உருவாகும் கட்டிகளில் சுமார் 90 சதவிகிதம் இந்தப் பையில்தான் உருவாகின்றன.

அந்தக் கட்டி நழுவினால், ரத்த ஓட்டத்தோடு போய் மூளையின் ரத்தக்குழாயை அடைத்துவிடும். அதுதான் ஸ்ட்ரோக், அதாவது பக்கவாதம். ஏ-ஃபிப் இருப்பவர்களுக்கு ஸ்ட்ரோக் ஆபத்து சுமார் 5 மடங்கு அதிகம் என்று 1991-லேயே அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வு சொல்லிவிட்டது. எப்போதாவது வந்து தானாகவே அடங்கிப் போகும் ஏ-ஃபிப்புக்கும் இந்த ஆபத்து உண்டு.

படபடப்பு நின்னா ஆபத்தும் போயிடுமா?

இந்தக் கேள்விக்கு 2002-ல் வெளியான 'அஃபர்ம்' ஆய்வில் பதில் இருக்கிறது. 4,060 ஏ-ஃபிப் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்குத் துடிப்பை மறுபடி சீராக்கும் சிகிச்சை. இன்னொரு பிரிவினருக்குத் துடிப்பின் வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தும் சிகிச்சை. துடிப்பு சீரானவர்களுக்கு ஸ்ட்ரோக் குறையும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். அப்படி நடக்கவில்லை.

இரண்டு பிரிவிலும் ஸ்ட்ரோக் வந்தவர்களில் பெரும்பாலானோர், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை நிறுத்தியவர்கள், அல்லது அந்த மருந்து போதிய அளவுக்கு வேலை செய்யாமல் இருந்தவர்கள்.

ஆக, ஏ-ஃபிப் நோயாளியின் மாத்திரைப் பெட்டியில் இரண்டு வகை மருந்துகள் இருக்கலாம். ஒன்று, துடிப்பைக் கவனிக்கும் மெட்டோபிரோலால், டில்டியாசெம், அமியோடரோன் போன்றவை. போட்டால் படபடப்பு குறைவது நமக்கே தெரியும். இன்னொன்று, கட்டி உருவாகாமல் தடுக்கும் மருந்து. அது வேலை செய்வது வெளியே தெரியவே தெரியாது. அதனால்தான் கையில் காசு குறையும்போது முதலில் நிறுத்தப்படுவது அதுவாக இருக்கிறது. ஸ்ட்ரோக்கைத் தடுப்பதும் அதுதான்.

இந்த மாத்திரை எல்லாருக்கும் வேணுமா?

வேண்டாம். யாருக்கு ஸ்ட்ரோக் ஆபத்து அதிகம் என்று கணக்கிட மருத்துவர்கள் ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறார்கள். ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி அந்தக் கணக்கு இதுதான்:

• இதயச் செயலிழப்பு - 1
• ரத்த அழுத்தம் - 1
• சர்க்கரை நோய் - 1
• மாரடைப்பு போன்ற ரத்தக்குழாய் நோய் - 1
• வயது 65 முதல் 74 வரை - 1
• வயது 75-ம் அதற்கு மேலும் - 2
• ஏற்கெனவே ஸ்ட்ரோக் வந்திருந்தால் - 2

கூட்டினால் 2 அல்லது அதற்கு மேல் வந்தால் மாத்திரை பரிந்துரைக்கப்படுகிறது. 1 வந்தால் யோசித்து முடிவு செய்யலாம். 68 வயது, பிபி, சுகர் மூன்றும் இருக்கும் ஒருவருக்கு மதிப்பெண் 3. நம் வீடுகளில் இது எவ்வளவு சாதாரணம் என்று யோசித்துப் பாருங்க. இந்தப் பட்டியலில் படபடப்புக்கு மதிப்பெண்ணே இல்லை என்பதையும் கவனிக்கணும்.

ஆஸ்பிரின் போட்டா போதாதா?

"இதயத்துக்கு நல்லதுதானே, விலையும் குறைவு" என்று ஆஸ்பிரினிலேயே பல ஆண்டுகள் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2011-ல் வெளியான 'அவெரோஸ்' ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. வார்ஃபரின் ஒத்துவராத சுமார் 5,600 பேரில் ஒரு பாதிக்கு ஆஸ்பிரின், மறு பாதிக்கு அபிக்சபன் என்ற புது மருந்து. ஆஸ்பிரின் பிரிவில் ஆண்டுக்கு 3.7 சதவிகிதம் பேருக்கு ஸ்ட்ரோக் போன்ற அடைப்புகள் வந்தன. அபிக்சபன் பிரிவில் 1.6 சதவிகிதம்தான். பெரிய ரத்தக்கசிவில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஆஸ்பிரின் வேறு காரணத்துக்காகத் தேவைப்படலாம். அதனால் இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது.

புது மாத்திரையா, பழைய மாத்திரையா?

பழைய மருந்துகள் வார்ஃபரினும் அசெனோகூமராலும். விலை குறைவு. ஆனால் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை அடிக்கடி செய்யணும். பெரும்பாலானவர்களுக்கு அது 2 முதல் 3-க்குள் இருக்கணும். குறைந்தால் கட்டி உருவாகும் ஆபத்து, கூடினால் ரத்தக்கசிவு ஆபத்து.

டபிகட்ரான், ரிவரோக்சபன், அபிக்சபன் ஆகியவை புதிய தலைமுறை மருந்துகள். இவற்றுக்கு ஐஎன்ஆர் பார்க்க வேண்டியதில்லை. மூளைக்குள் ரத்தம் கசியும் ஆபத்தும் வார்ஃபரினைவிடக் குறைவு. அப்போ எல்லாரும் புதுசுக்கு மாறிடலாமே? இங்கேதான் இந்தியாவுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது.

46 நாடுகளில் நடந்த ஒரு கணக்கெடுப்பு 2014-ல் வெளியானது. வட அமெரிக்க ஏ-ஃபிப் நோயாளிகளில் ருமாட்டிக் இதய நோய் இருந்தவர்கள் 2.2 சதவிகிதம். இந்தியாவில் 31.5 சதவிகிதம்! சிறு வயதில் வரும் தொண்டைத் தொற்று சரியாகக் குணமாகாமல், ருமாட்டிக் காய்ச்சலாக மாறி, இதய வால்வைச் சுருக்கிவிடுவதுதான் இந்த நோய். நெரிசலான வீடுகளிலும் ஏழ்மையிலும் வளரும் குழந்தைகளைத்தான் இது அதிகம் தாக்குகிறது. பல ஆண்டுகள் கழித்து, 30, 40 வயதில்கூட ஏ-ஃபிப்பாக வந்து நிற்கும்.

இவர்களுக்குப் புது மருந்து சரிப்படுமா என்று பார்த்தது 'இன்விக்டஸ்' ஆய்வு. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் 24 நாடுகளைச் சேர்ந்த சுமார் 4,500 பேர் இதில் இருந்தார்கள். இந்தியர்களும் இருந்தார்கள். 2022-ல் முடிவு வெளியானபோது, வார்ஃபரின் வகை மருந்து எடுத்தவர்களில் இறப்பு உள்ளிட்ட பாதிப்புகள் ரிவரோக்சபன் எடுத்தவர்களைவிடக் குறைவாக இருந்தன. பலருக்கு ஐஎன்ஆர் எல்லா நேரமும் சரியான அளவில் இல்லாதபோதும் முடிவு இதுதான். உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு டபிகட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வோ, பாதிப்பு அதிகமானதால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது.

ஆக, வால்வு கடுமையாகச் சுருங்கியவர்களுக்கும் உலோக வால்வு வைத்தவர்களுக்கும் இன்றும் வார்ஃபரின் வகைதான். "பக்கத்து வீட்டு அண்ணன் புது மாத்திரைக்கு மாறிட்டாரே" என்று இவர்கள் மாறக் கூடாது. ஒவ்வொரு ஐஎன்ஆர் பரிசோதனைக்கும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்கு பஸ் ஏறுபவர்களும் இவர்களில் இருக்கிறார்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் பிபி, சுகர் மாத்திரை வீடு தேடி வரும் தமிழ்நாட்டில், இந்தச் சின்ன ரத்தப் பரிசோதனையும் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைத்தால் பல ஸ்ட்ரோக்குகளைத் தடுக்க முடியும்.

வாட்ச் சொல்றதை நம்பலாமா?

2019-ல் வெளியான ஆப்பிள் வாட்ச் ஆய்வில் பங்கேற்றவர்கள் 4.19 லட்சம் பேர். அலர்ட் வந்தது 2,161 பேருக்கு, அதாவது 0.52 சதவிகிதம். அவர்களில் 450 பேர் உடலில் ஒட்டும் ஈசிஜி பேட்ச் அணிந்து திருப்பிக் கொடுத்தார்கள். அதில் 34 சதவிகிதம் பேருக்கு ஏ-ஃபிப் பதிவாகியிருந்தது. மற்றவர்களுக்கு வாட்ச் பொய் சொன்னது என்று அர்த்தமில்லை. ஏ-ஃபிப் வந்து வந்து போகும் என்பதால், பேட்ச் அணிந்த நாட்களில் வராமலும் இருந்திருக்கலாம்.

எனவே அலர்ட் வந்தால் பயப்பட வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். ஈசிஜி எடுத்து உறுதி செய்யணும். வாட்ச் இல்லாதவர்கள் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் நாடி பார்க்கலாம். துடிப்பு தாளம் தப்பி, ஒழுங்கே இல்லாமல் வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்க.

தினசரி வாழ்க்கையில் எதைக் கவனிக்கணும்?

கீரை: வார்ஃபரின் வகை எடுப்பவர்கள் கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று இருந்தால்தான் ஐஎன்ஆர் ஏறி இறங்கும். எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும்.

வலி மாத்திரை: மூட்டு வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டும். நாட்டு மருந்து எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காதீங்க.

பல் பிடுங்கும்போது: மாத்திரை எடுப்பதைப் பல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிடுங்க. நீங்களாக நிறுத்திவிட்டுப் போகாதீங்க.

மது: தொடர்ந்து குடித்து வந்த ஏ-ஃபிப் நோயாளிகளை வைத்து ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு நடந்தது. வழக்கம்போல் குடித்தவர்களில் 73 சதவிகிதம் பேருக்கு ஏ-ஃபிப் திரும்ப வந்தது. மதுவை நிறுத்தச் சொல்லப்பட்ட பிரிவில் அது 53 சதவிகிதமாகக் குறைந்தது.

காபி: காபி பிரியர்களுக்கு நல்ல செய்தி. 2025-ல் வெளியான 200 பேர் பங்கேற்ற ஆய்வில், தினமும் காபி குடித்தவர்களுக்கு ஏ-ஃபிப் திரும்ப வருவது குறைவாகவே இருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் காலை காபியைக் கண்டு பயப்படத் தேவையில்லை.

எடை, பிபி, குறட்டை: அதிக எடையைக் குறைப்பதும் பிபியைக் கட்டுக்குள் வைப்பதும் ஏ-ஃபிப் திரும்ப வருவதைக் குறைக்கும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை இருந்தால் அதற்கும் சிகிச்சை வேணும்.

அப்லேஷன் செய்துகொண்டால் எல்லாம் முடிஞ்சுதா?

தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, தப்பான மின் துடிப்பு கிளம்பும் பகுதியைத் தனிமைப்படுத்தும் சிகிச்சை இது. படபடப்பால் அவதிப்படுபவர்களுக்கு நல்ல பலன் தரும். ஆனால் சிகிச்சைக்குப் பிறகும் குறைந்தது 2 மாதம் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுக்கணும். அதற்குப் பிறகு தொடர்வதா வேண்டாமா என்பதையும் மேலே சொன்ன ஸ்ட்ரோக் ஆபத்தைப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார்.

எப்போ 108-ஐக் கூப்பிடணும்?

முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-க்கு போன் பண்ணுங்க. கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நோயாளி என்ன மாத்திரை எடுக்கிறார், கடைசியாக எத்தனை மணிக்கு எடுத்தார் என்பதை மருத்துவமனையில் மறக்காமல் சொல்லணும். அந்தத் தகவலைப் பொறுத்துத்தான் சிகிச்சையே மாறும்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. என்னுடைய ஸ்ட்ரோக் மதிப்பெண் எவ்வளவு?
2. என் மாத்திரைகளில் எது துடிப்புக்கு, எது ரத்தக்கட்டியைத் தடுக்க?
3. எக்கோ பரிசோதனையில் என் வால்வு எப்படி இருக்கிறது? அதற்கு இந்த மருந்து சரியா?
4. ஒரு வேளை மாத்திரை போட மறந்துவிட்டால் என்ன செய்யணும்?

மாத்திரை வாங்க முடியவில்லை, ரத்தம் கசிகிறது என்று என்ன சிக்கல் இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்க. மருந்தை மாற்றவும் அளவைக் குறைக்கவும் வழிகள் உண்டு. நீங்களாக நிறுத்துவது மட்டும் வேண்டாம்.