அப்பாவின் ஜேசிபியை எழுப்ப பர்சனல் லோன் போடலாமா?

போன வாரம் ஒரு சப்ஸ்கிரைபர் கேட்டிருந்தார்: "அண்ணா, அப்பா ஓட்டிட்டு இருந்த ஜேசிபி, அவர் போனதுல இருந்து எட்டு வருஷமா ஊர்ல ஷெட்ல நிக்குது. 4 லட்சம் பர்சனல் லோன் போட்டு ரெடி பண்ணி வாடகைக்கு விடலாமா?"

என் கருத்து: லோன் இப்ப வேண்டாம். முதல்ல 15,000 ரூபாய் எடுத்து வைங்க, திரும்பி வராதுன்னு நினைச்சே. அது ரிப்பேருக்கு இல்லை. உள்ளே என்ன மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சுக்க.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, எங்க மாமா இதே மாதிரி நின்ன வண்டிக்குப் புது பேட்டரி வாங்கி நேரா செல்ஃப் அடிச்சார். பிஸ்டன் ரிங் துருப்பிடிச்சு லைனரோட ஒட்டியிருந்தது. ரிங் உடைஞ்சு லைனர் கீறி, பேட்டரி செலவோட நினைச்சது முழு என்ஜின் வேலையில போய் முடிஞ்சது. பக்கத்துல நின்னு கை தட்டினதுல நானும் ஒருத்தன்!

பொறுமையான மெக்கானிக் என்ன செய்வார் தெரியுமா? நாசிலைக் கழட்டி, சிலிண்டருக்குள்ள கொஞ்சம் ஆயில் விட்டு ஊற வைப்பார். அப்புறம் கிராங்க் புல்லியில ஸ்பேனர் போட்டுக் கையாலதான் சுத்துவார். சுத்தினா பாதி நிம்மதி. பழைய டீசலை முழுசா இறக்கணும். டேங்க் அடியில தண்ணியும், அதுல வளர்ந்த கிருமியால வந்த கூழும் இருக்கும். ஃபில்டர், என்ஜின் ஆயில் புதுசு. முதல் ஸ்டார்ட்ல டீசல் பம்ப் உள்ளே ஏதாவது இறுகியிருந்தா என்ஜின் தறிகெட்டு ஓடும், சாவியை அணைச்சாலும் நிக்காது. அதனால காற்று போற வழியை அடைக்க ஒருத்தர் பலகையோட தயாரா நிக்கணும். ஹைட்ராலிக் ராடையும் தடவிப் பாருங்க. துருக் குழி இருந்தா, புது சீல் போட்டாலும் கிழிஞ்சு ஆயில் ஒழுகும்.

இதெல்லாம் தேறின பிறகுதான் என் வேலை, அதாவது கணக்கு.

"அப்பா 25 லட்சம் போட்டார்"ங்கிறதை மறந்துடுங்க. வருமான வரிக் கணக்குல மெஷினரிக்கு 15% தேய்மானம் போட்டா, எட்டு வருஷத்துல அது சுமார் 6.8 லட்சம். அந்த நம்பரும் இங்க உதவாது. இன்னைக்கு நிக்கிற நிலையிலேயே வித்தா என்ன கிடைக்கும்? அதுதான் நீங்க போடுற உண்மையான முதல். ரெண்டு பேர்கிட்டயாவது விலை கேளுங்க.

அடுத்தது வாடகை. உதாரணத்துக்கு மணிக்கு 1,200 ரூபாய்னு வெச்சுக்குவோம். டீசல் 5 லிட்டர், 465 ரூபாய் போக, மிச்சம் 735. ஆபரேட்டர் மாசம் 25,000. இன்சூரன்ஸ், கிரீஸ், டயர், சில்லறை ரிப்பேர் 12,000. 4 லட்சம் லோன் 14%, மூணு வருஷம்னா இஎம்ஐ சுமார் 13,700. ஆக மாசம் 50,700 நிலையான செலவு. அதை எடுக்க மட்டும் 69 மணி நேரம் வண்டி ஓடணும். மழைக்காலத்திலயும்.

அந்த 69 மணி நேர வேலையை யார் பிடிப்பா? அப்பாவுக்கு ஊர்ல ஒவ்வொரு செங்கல் சூளைக்காரரையும் தெரியும். நீங்க சென்னையில ஐடி கம்பெனியில இருக்கீங்க. ஆபரேட்டர் ஓட்டின மணியை நீங்க போன்லதான் கேட்டுக்கணும். ஆர்சி அப்பா பேர்லயே இருந்தா வாரிசு பேருக்கு மாத்துற அலைச்சல் தனி.

அப்பா ஞாபகத்துக்காக எழுப்பணும்னு தோணுதா? தாராளமா எழுப்புங்க, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா சேமிப்புல இருந்து செய்யுங்க. அதை "சைடு இன்கம்"னு எழுதி வீட்ல காட்டாதீங்க.

இந்த ஞாயிறு ஊருக்குப் போனா, கிராங்க் கையால சுத்துச்சான்னு மட்டும் எனக்கு மெயில் பண்ணுங்க. லோன் பத்தி அப்புறம் பேசலாம்.