வெயில் ஊரில் இருந்தால் போதுமா?

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் நண்பகலில் நடந்தால் தார் கொதிக்கும். "இந்த வெயில்ல இருந்துகிட்டு வைட்டமின் டி குறையுதாம்! மாத்திரை விக்கிறவன் கட்டிவிட்ட கதை" என்று அடித்துப் பேசுகிறவர்கள் நம்மிடையே நிறைய. பூமத்திய ரேகைக்கு மூன்றே பாகை வடக்கிலுள்ள ஊர் என்பதால் அந்தப் பேச்சில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். இரத்தப் பரிசோதனை அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது.

கோலாலம்பூரிலும் ஜகார்த்தாவிலும் பிள்ளைபெறும் வயதிலுள்ள ஏறத்தாழ 500 பெண்களைச் சோதித்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. அவர்களில் 60 விழுக்காட்டினருக்கு மேல், போதுமானதாகக் கருதப்படும் லிட்டருக்கு 50 நானோமோல் அளவைத் தொடவில்லை. 2011இல் வெளியான கோலாலம்பூர் ஆய்வு மலாய்க்காரர்களைப் பற்றியது: ஆண்களின் சராசரி 56, பெண்களின் சராசரி 36. ஊர் ஒன்று, சூரியன் ஒன்று. பெண்ணின் இரத்தத்தில் மட்டும் ஏன் இவ்வளவு குறைவு?

கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு கொம்யூட்டர் ரயிலில் வேலைக்குப் போகும் பெண்ணின் நாளைப் பார்த்தால் விடை தெரியும். விடியுமுன் வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். பகல் முழுவதும் குளிர்சாதன அறை. ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் பயனில்லை. வைட்டமின் டி உருவாக்கும் புற ஊதா பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. உச்சிவெயில் அடிக்கும் ஒரு மணிக்குப் பேரங்காடிக்குள் சாப்பாடு. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டிக்குக் கிடைத்த வெயில் இந்தப் பேத்திக்கு இல்லை.

"காலை இளவெயிலில் நின்றால் போதும்" என்பது அடுத்த நம்பிக்கை. சூரியன் சாய்ந்திருக்கும்போது அந்தப் புற ஊதா பி கதிரில் பெரும்பகுதியை ஓசோன் படலமே உறிஞ்சிவிடும். நம் நிழல் நம்மைவிட நீளமாக இருக்கும் நேரத்தில் தோல் மிகக் குறைவாகவே வைட்டமின் டி தயாரிக்கும். கறுத்த தோலுக்கு வெளுத்த தோலைவிடக் கூடுதல் நேரம் தேவை. "கறுத்துப் போயிடுவே" என்று சிறு வயதிலிருந்தே பெண்பிள்ளைகளை வெயிலிலிருந்து விரட்டுகிற குடும்பங்களுக்கும் இந்தக் குறைபாட்டில் பங்குண்டு.

பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டி நோய் உள்ள பெண்களுக்கு இது இன்னும் கடுமை. சினைப்பையில் நீர்க்கட்டி, தவறும் மாதவிடாய், முகத்தில் முடி, இன்சுலின் சரியாக வேலை செய்யாமை, ஏறும் எடை ஆகியவை அந்த நோயின் அடையாளங்கள். இங்கே கவனிக்க வேண்டியது எடை. வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. உடலில் கொழுப்பு மிகுந்தால் அங்கேயே தங்கிவிடும். ஒரே அளவு கதிர் பட்டபோதும், பருமனானவர்களின் இரத்தத்தில் ஏறிய வைட்டமின் டி மற்றவர்களுக்கு ஏறியதில் பாதிகூட இல்லை என்று 2000ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. பிசிஓஎஸ் உள்ள பெண்களில் 67 முதல் 85 விழுக்காட்டினருக்குக் குறைபாடு இருப்பதாக 2012இல் வெளிவந்த தொகுப்பாய்வு கணக்கிட்டது.

இந்தக் குறைபாட்டால் தசைவலியும் அசதியும் வரலாம். இப்படிப்பட்ட பெண் உடம்பு வலிக்கிறது, அசதியாக இருக்கிறது என்றால் வீட்டில் கிடைக்கும் பதில்: "சோம்பேறி, எந்நேரமும் படுக்கை." இதைவிடக் கொடுமையான சொல் உண்டா? வெயில் ஊர் என்ற ஒரே காரணத்தால் அவளைப் பரிசோதிக்கும் எண்ணம்கூட யாருக்கும் எழுவதில்லை.

உணவும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. கெம்போங், மத்தி போன்ற கொழுப்பு மீன், முட்டையின் மஞ்சள் கரு, வைட்டமின் சேர்த்த பால் ஆகியவற்றில் கிடைக்கும். கீரையிலும் பருப்பிலும் கிடைக்காது. மலேசிய ஊட்டச்சத்துப் பரிந்துரை பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 15 மைக்ரோகிராம், அதாவது 600 அலகு என்கிறது. சைவக் குடும்பம் சாப்பாட்டால் மட்டும் இதை எட்டுவது கடினம்.

இதைக் கேட்டு மருந்தகத்துக்கு ஓடி, கண்ட மாத்திரையை வாங்கி விழுங்குவதும் தவறு. வைட்டமின் டி பிசிஓஎஸ்ஸைக் குணப்படுத்தும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். அதற்குச் சான்று இல்லை. குறைபாட்டுக்கு எடை எவ்வளவு காரணம், பிசிஓஎஸ் எவ்வளவு காரணம் என்பதும் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகத்தில் கல் உண்டாகலாம்.

பிசிஓஎஸ் உள்ள பெண்ணுக்குத் தசைவலியும் அசதியும் விடாமல் இருந்தால், அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது வைட்டமின் டி இரத்தப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கணவரோ அம்மாவோ மாமியாரோ, உடன் போகிறவர்களும் சேர்ந்து கேளுங்கள்.