கேட்டுவிட்டுக் கொடுப்போம்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிந்திய முதல் சில வாரங்களில் நாகப்பட்டினத்திலிருந்து வந்த படங்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கலாம். சாலையோரம் நெடுகப் பழைய துணி. சட்டையும் சேலையும் குழந்தைகளின் உடையும் குவியல் குவியலாக மண்ணில் கிடந்தன. லாரியில் கொண்டுவந்தவர்கள் கொட்டிவிட்டுத் திரும்பியிருந்தார்கள்.

மீனவ மக்கள் பெரும்பாலும் அதைத் தொடவில்லை. வீட்டைக் கடல் கொண்டுபோனது, பிள்ளைகளைக் கொண்டுபோனது. அதற்காக, யாரோ உடுத்திக் கழித்த துணியைப் பொறுக்கிக் கட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டதாக அவர்கள் நினைக்கவில்லை. முந்தின நாள் வரை கடலில் இறங்கிச் சொந்த உழைப்பில் சாப்பிட்டவர்கள் அவர்கள். கடைசியில், இடிபாடுகளை அகற்ற வேண்டிய நகராட்சி ஊழியர்களே அந்தத் துணிகளையும் அள்ள வேண்டியதாயிற்று.

துணி அனுப்பியவர்களைக் குறை சொல்வது சுலபம். ஆனால், அவர்களும் தொலைக்காட்சியைப் பார்த்துக் கண்கலங்கி, அலமாரியைத் திறந்தவர்கள்தான். நம் வீடுகளிலும் அதுதானே நடக்கிறது? கிளந்தானில் வெள்ளம் என்றால் கோவில் மண்டபத்தில் பெட்டிகள் சேர ஆரம்பித்துவிடும். பேரிடர் வரும்போது இரக்கத்துக்குப் பஞ்சம் வருவதில்லை. யாருக்கு என்ன தேவை, அதை யார் எங்கே கொண்டுபோகிறார்கள் என்ற தகவலுக்குத்தான் பஞ்சம். அந்தத் தகவலைத் திரட்டும் வேலை கேமராவில் விழாது. அதைச் செய்பவர்களுக்கு மாலை மரியாதையும் கிடையாது. ஆனால், நாம் கொடுக்கும் பொருள் ஒரு குடும்பத்தின் கைக்குப் போகிறதா, குப்பைக்குப் போகிறதா என்பதை அந்த வேலைதான் தீர்மானிக்கிறது.

நாகப்பட்டினத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் சுனாமியில் இறந்தவர்கள் ஏறக்குறைய 8,000 பேர். அதில் 6,000க்கும் மேற்பட்டவர்கள் அந்த ஒரே மாவட்டத்தில். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், வேளாங்கண்ணி என்று ஒவ்வோர் ஊரிலும் சாவு. செய்தி பரவியதும் அரசாங்கக் குழுக்களும் நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்களும் தனி மனிதர்களும் வந்து இறங்கினார்கள். பிரதான சாலைக்குப் பக்கத்தில் இருந்த ஊர்களில் லாரிகள் வரிசை கட்டின. உள்ளே தள்ளியிருந்த ஊர்களுக்கு வண்டி போகவில்லை. ஓர் ஊரில் நாலு பேர் சோறு கொடுக்க, அடுத்த ஊரில் யாரும் எட்டிப் பார்க்காத நிலை.

இதைச் சரிசெய்ய ஒரு மையம் உருவானது. மீனவர் மத்தியில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த சினேகா அமைப்பும், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் முன்கை எடுத்தன. மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே அதற்கு இடம் கிடைத்தது. அங்கே நடந்தது மிகச் சாதாரணமான வேலை. தன்னார்வலர்கள் ஊர் ஊராகப் போய் யாருக்கு என்ன இல்லை என்று எழுதி வந்தார்கள். புதிதாக வந்து இறங்கிய அமைப்புகள் தங்களிடம் என்ன இருக்கிறது என்று பதிந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 'நீங்கள் இந்த ஊருக்குப் போங்கள், பாத்திரம் வேண்டுமாம்' என்று அனுப்பிவைத்தார்கள். குடியிருப்பு, உடல்நலம், பிழைப்பு என்று துறைவாரியாகவும் கூடிப் பேசினார்கள். அரசாங்கம் ஒரு பக்கம், தொண்டு நிறுவனங்கள் ஒரு பக்கம் என்று முறைத்துக்கொள்ளாமல் ஒரே வளாகத்தில் உட்கார்ந்தது பெரிய விஷயம். பிறகு பல நாடுகளில் பேரிடர் நிர்வாகம் படிப்பவர்கள் இந்த மையத்தை ஒரு முன்னுதாரணமாகப் பார்த்தார்கள்.

பட்டியல் போட்டதும் எல்லாம் நேராகிவிட்டதா என்றால், இல்லை. பட்டியலில் பெயர் வராதவர்கள் இருந்தார்கள். சுனாமி என்றதும் எல்லாருக்கும் படகை இழந்த மீனவர்தான் கண்ணுக்குத் தெரிந்தார். படகு சொந்தமாக இல்லாமல் கூலிக்குக் கடலுக்குப் போனவர், கூடையில் மீன் சுமந்து விற்ற பெண், கரைக்குப் பின்னால் வயல் வேலை செய்த தலித் குடும்பம், கழிமுகத்தில் கையால் இறால் பிடித்த இருளர் குடும்பம் ஆகியோரின் இழப்பு உடனே கணக்கில் ஏறவில்லை. நிவாரணம் பெரும்பாலும் மீனவர் பஞ்சாயத்து வழியாகவே போனதால், அந்தப் பஞ்சாயத்தின் எல்லைக்கு வெளியே இருந்தவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. கணவனை இழந்த பெண்களும் பல இடங்களில் தனிக் குடும்பமாக எண்ணப்படவில்லை. இதை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி, போராடித்தான் சேர்க்க வேண்டியிருந்தது.

அதே சமயம் படகுகள் தேவைக்கு மேல் வந்தன. படகு கொடுத்தால் படம் எடுக்கலாம், பக்கவாட்டில் நன்கொடையாளர் பெயரை எழுதலாம். சுனாமிக்கு முன்பு இருந்ததைவிட அதிகமான ஃபைபர் படகுகள் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்து சேர்ந்ததைப் பிந்தைய கணக்கெடுப்புகள் காட்டின. கடலில் மீன் அதே அளவுதானே? படகு கூடினால் ஒவ்வொரு படகுக்கும் கிடைக்கும் பங்கு குறையும். நல்ல மனத்தோடு கொடுத்தது பிழைப்பை நெருக்கவும் செய்தது.

உப்பேறிய வயல்களுக்கு இப்படி யாரும் வரிசையில் நிற்கவில்லை. அந்த மண்ணை மீட்க வடிகால் தோண்ட வேண்டும், ஜிப்சம் போட வேண்டும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழ வேண்டும், பிறகு மழைக்குக் காத்திருக்க வேண்டும். இதில் படம் எடுக்க ஒன்றுமில்லை. ஆனால், அந்த வயல்களை நம்பியிருந்த கூலிக் குடும்பத்துக்கு அதுதான் சோறு.

இனி, கடலுக்கு அந்தப் பக்கம். நமக்கு எதிர்க்கரையில் இருக்கும் சுமத்ராவின் ஆச்சேயில்தான் அன்று மிகப் பெரிய அழிவு. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஏறக்குறைய 170,000 பேர். உலகமே உதவ வந்தது. மேற்குக் கரையில் உள்ள மெலாபோ நகரத்துக்குச் சாலை அறுந்துபோயிருந்தது. பாலங்கள் இல்லை, துறைமுகம் உடைந்து கிடந்தது. 2005 ஜனவரி தொடக்கத்தில் சிங்கப்பூர் ஆயுதப்படையினர் கப்பலிலும் ஹெலிகாப்டரிலும் அங்கே போய்ச் சேர்ந்தபோது, முதலில் கடற்கரையில் படகுகளும் வண்டிகளும் இறங்க இடம் உருவாக்க வேண்டியிருந்தது. அரிசி மூட்டை எத்தனை இருந்தாலும், இறக்க ஓர் இடம் இல்லையென்றால் பசித்தவருக்குப் பயனில்லை. ஐ.நா.வின் நிவாரணப் பொருள்கள் ஆச்சேக்குப் போக நம் சுபாங் விமான நிலையமும் இடைத்தளமாக உதவியது.

ஆச்சேயில் குவிந்த மருந்துகளின் கதை, நாகப்பட்டினத்துத் துணிக் கதையைவிட மோசம். பிரான்ஸைச் சேர்ந்த மருந்தாளுநர் அமைப்பு ஒன்று பின்னர் ஆய்வு செய்தது. 20 லட்சத்துக்கும் குறைவான மக்களுக்கு ஏறக்குறைய 4,000 டன் மருந்து வந்திருந்தது. அதில் சுமார் 70 விழுக்காட்டின் மேலுறை உள்ளூர் மருத்துவப் பணியாளர்களுக்குப் புரியாத மொழியில் இருந்தது. காலாவதியானவை, காலாவதியாகப் போகிறவை, அந்த ஊருக்குத் தேவையே இல்லாதவை எல்லாம் கலந்திருந்தன. 600 டன் அளவுக்கு அழிக்க வேண்டியதாயிற்று. மருந்தை முறையாக அழிக்கவும் காசு வேண்டும். அந்தச் செலவு உதவி பெற்றவர்களின் தலையில் விழுந்தது.

இந்தோனேசிய அரசாங்கம் 2005 ஏப்ரலில் ஆச்சே, நியாஸ் மறுசீரமைப்புக்கென்றே பி.ஆர்.ஆர். என்ற தனி நிறுவனத்தை அமைத்தது. முன்னாள் அமைச்சர் குந்தோரோ மங்குசுப்ரோதோ அதன் தலைவர். எந்த நாடு, எந்த அமைப்பு, எந்த ஊரில், எத்தனை வீடு கட்டுகிறது என்பதை ஓரிடத்தில் பதிய வைத்தார்கள். அப்படியும் தரம் குறைந்த வீடுகள், தாமதங்கள், புகார்கள் இருந்தன. ஆனாலும், ஏறக்குறைய 140,000 வீடுகள் எழுந்தன. நான்கு ஆண்டுகள் என்று சொல்லித் தொடங்கிய அந்த நிறுவனம் 2009 ஏப்ரலில் வேலையை ஒப்படைத்துவிட்டு மூடப்பட்டது.

நம் ஊருக்கு வருவோம். அதே அலை பினாங்கிலும் கெடாவின் கோல மூடாவிலும் அடித்தது. மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு நாமும் நம் அண்டை நாடுகளும் கொஞ்சம் கற்றுக்கொண்டோம். ஆசியான் நாடுகள் பேரிடர் உதவிக்கென்று ஓர் உடன்பாட்டில் 2005இல் கையெழுத்திட்டன. 2011இல் ஜகார்த்தாவில் அதற்கான ஒருங்கிணைப்பு மையம் பிறந்தது. கூடாரம், படகு, குடும்பத்துக்கான பொருள் பெட்டி என்று அவசரத் தேவைக்கானவற்றை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் ஆசியானின் கிடங்கு 2012 முதல் சுபாங்கில் இருக்கிறது. பேரிடர் வந்த பிறகு கடை கடையாகத் தேடாமல் இருக்க இந்த ஏற்பாடு.

நாடுகள் செய்வது இருக்கட்டும். நாம் என்ன செய்யலாம்? 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது நம்மில் பலருக்கு அங்கே உறவினர்கள் இருந்தார்கள். படகு எடுத்துப் போனவர்களைப் பாராட்டினோம், சரிதான். வீட்டில் உட்கார்ந்து, சமூக ஊடகங்களில் உதவி கேட்டவர்களின் முகவரிகளைத் திரட்டி, மீட்கப்பட்டவர்களை அடித்துவிட்டு, மிச்சமிருந்தவர்களைப் படகுக்காரரிடம் சொன்ன பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களும் உயிர் காத்தவர்கள்தான். அலுவலகத்தில் தினமும் எக்செல் போட்டு அலுத்துப்போன இளைஞர்களே, உங்கள் திறமைக்கு இங்கே பெரிய தேவை இருக்கிறது.

வானொலியில் வேலை செய்வதால் ஒன்றைச் சொல்வேன். 'பாம்பர்ஸ் தேவை' என்ற அறிவிப்பைப் பரப்புவது எளிது. 'போதும், இனி அனுப்ப வேண்டாம்' என்ற அறிவிப்பைப் பரப்புவதுதான் கஷ்டம். முதல் அறிவிப்பு வாட்ஸ்அப்பில் மூன்று வாரம் சுற்றும். இரண்டாவதை யாரும் பகிர்வதில்லை. அதனால், உங்கள் குழுவில் உதவி கேட்டுச் செய்தி போடுபவர் நீங்களாக இருந்தால் சில விவரங்கள் அதில் இருக்கட்டும்: எந்த இடம், என்ன பொருள், எத்தனை, வாங்கிக்கொள்பவர் யார், எந்தத் தேதி வரை. தேதி இல்லாத செய்தி வந்தால் பகிர்வதற்கு முன் அந்த எண்ணுக்கு ஒரு முறை அழைத்துக் கேளுங்கள்.

பொருள் சேர்ப்பதற்கு முன், சம்பந்தப்பட்ட இடத்தில் ஏற்கெனவே வேலை செய்பவர் யார் என்று பாருங்கள். நிவாரண மையம் என்றால் சமூகநல இலாகாவோ மாவட்ட அலுவலகமோ பொறுப்பில் இருக்கும். அவர்களிடம் கேட்டால் அரிசி போதும், பால் மாவுதான் இல்லை என்று தெரியவரலாம். தண்ணீர் வடிந்த பிறகு சோற்றுப் பொட்டலத்தைவிடத் துடைப்பமும் மண்வாரியும் நீர்ப்பீச்சும் இயந்திரமும் வேண்டியிருக்கும். கடைகள் திறந்திருக்கும் ஊர் என்றால் நம்பகமான அமைப்பின் வழியாகப் பணம் கொடுப்பது பெரும்பாலும் நல்லது. பாதிக்கப்பட்ட குடும்பம் தனக்கு வேண்டியதைத் தானே வாங்கும், அந்த ஊர்க் கடைக்காரருக்கும் வியாபாரம் நடக்கும். துணி கொடுத்தே ஆக வேண்டுமென்றால் புதிதாகக் கொடுங்கள். நம் பிள்ளைக்குப் போட்டுப் பார்க்கத் தயங்கும் சட்டையை இன்னொருவர் பிள்ளைக்கு அனுப்ப வேண்டாம்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும்: யாருடைய பெயர் விட்டுப்போயிருக்கிறது? வாடகை வீட்டில் இருப்பவர், ஆவணமில்லாத தொழிலாளர், தனியாக வாழும் முதியவர், நிவாரண மையத்துக்கு வர முடியாத நோயாளி. இவர்கள் கையை உயர்த்திக் கேட்கமாட்டார்கள். பட்டியலை வைத்திருப்பவர்தான் தேடிப் போக வேண்டும்.

நன்கொடை முழுவதையும் முதல் வாரத்திலேயே கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். பாதியை எடுத்துவையுங்கள். மூன்று மாதம் கழித்து, செய்தியாளர்கள் எல்லாரும் போன பிறகு, அதே குடும்பத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போடுங்கள். மெத்தை வாங்கியிருப்பார்கள். மோட்டார் சைக்கிள் இன்னும் பழுதாகவே நிற்கும், அதனால் வேலை போயிருக்கும். அப்போது உங்கள் 200 ரிங்கிட் செய்யும் வேலையை முதல் வாரத்து 2,000 ரிங்கிட் செய்திருக்காது.

மழைக்காலம் வந்துகொண்டிருக்கிறது. உங்கள் குடியிருப்பில், கோவிலில், அலுவலகத்தில் பட்டியல் பிடிக்கப் போகிறவர் யார் என்பதை இந்த வாரமே பேசி முடிவு செய்துவையுங்கள்.