மூட்டை என்றால் எத்தனை கிலோ?

விவசாயிக்கு உள்ள தொல்லைகளைப் பட்டியல் போட்டால் பயிர் வளர்ந்து கதிர் வந்துவிடும். மழை, பூச்சி, விலை ஆகியவை பெரிய தொல்லைகள். அவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். இங்கே சொல்ல வந்தது ஒரு சில்லறைத் தொல்லை. அதன் பெயர் அளவு.

படி, மரக்கால், கலம் என்று அளந்து கொண்டிருந்த நாட்டில் கிலோவும் லிட்டரும் வேண்டும் என்று 1956ல் சட்டம் வந்தது. நல்ல ஏற்பாடுதான். பழைய குழப்பம் தீரும் என்று நினைத்தோம். தீரவில்லை, அதன் மேல் புதிய குழப்பம் ஒன்று ஏறி உட்கார்ந்து கொண்டது.

டீக்கடையில் ஒருவர், "இந்த ரகம் ஏக்கருக்கு 40 மூட்டை கண்டது" என்று மார்தட்டுகிறார். எந்த மூட்டை? டெல்டா பக்கத்து 60 கிலோ மூட்டையானால் 2,400 கிலோ. வட மாவட்டத்து 75 கிலோ மூட்டையானால் 3,000 கிலோ. கொள்முதல் நிலையத்து 40 கிலோ மூட்டையானால் 1,600 கிலோதான். இந்தப் பேச்சை நம்பி விதை வாங்குபவரின் கதி என்ன? கிலோ கணக்கில் கேட்டால் மட்டும், "என்னங்க, என் பேச்சில் நம்பிக்கை இல்லையா?" என்று கோபம் வருகிறது.

நிலத்தின் கதையும் இதுதான். தஞ்சைப் பக்கம் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்பார்கள். வேறு ஊரில் குழியின் அளவே வேறு. பத்திரத்தில் ஏக்கர், சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ். சிபாரிசுகள் எல்லாம் ஹெக்டேருக்கு. நம்மில் பலருக்கு இருப்பதோ ஒன்றரை ஏக்கர். வயலுக்குப் போகுமுன் 2.47 ஆல் வகுத்துவிட்டுத்தான் மண்வெட்டியைத் தூக்க வேண்டும்.

உர மூட்டையாவது ஒழுங்காக இருந்தது. யூரியா என்றால் 50 கிலோ. 2018ல் அதை 45 கிலோ ஆக்கினார்கள். டி.ஏ.பி.யும் பொட்டாஷும் 50 கிலோவிலேயே இருக்கின்றன. பழைய மூட்டையில் 23 கிலோ தழைச்சத்து; இப்போது 20.7 கிலோ. "ஏக்கருக்கு இத்தனை மூட்டை" என்று தாத்தா காலத்திலிருந்து போட்டு வந்தவர், இதை அறியாமலே குறைத்துப் போடுகிறார். வேறொருவர், "மூட்டை சிறுத்துவிட்டது" என்று கூடுதலாக ஒரு மூட்டையைக் கொட்டுகிறார்.

மத்திய கால நெல்லுக்கு ஹெக்டேருக்குத் தழைச்சத்து 150 கிலோ என்பது பொது சிபாரிசு. இது யூரியாவின் எடை அல்ல. முழுவதையும் யூரியாவாகவே கொடுத்தால் ஹெக்டேருக்குச் சுமார் 326 கிலோ, ஏக்கருக்கு 132 கிலோ ஆகிறது. அதாவது 45 கிலோ மூட்டையில் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. இதையும் பிரித்துப் பிரித்தே இட வேண்டும். தழைச்சத்து மிஞ்சினால் பயிர் கரும்பச்சையாய் நின்று கண்ணுக்குக் குளிர்ச்சி தரும், புகையானுக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் விருந்தாகும், காற்றடித்தால் சாயும்.

எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை மருந்து பாட்டில். எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், ஹெக்டேருக்கு இத்தனை மில்லி என்று இருக்கும். கண்ணாடி போட்டாலும் தெரியாது. ஹெக்டேருக்கு 500 மில்லி, 500 லிட்டர் தண்ணீர் என்றால், ஏக்கருக்கு 200 மில்லி, 200 லிட்டர் தண்ணீர். 10 லிட்டர் டேங்க் ஒன்றுக்கு 10 மில்லி. இந்த ஒரு வரியை அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? அச்சிடாததால் தெளிப்பவர் மூடியால் அளக்கிறார். ஒரு பாட்டில் மூடி போல் இன்னொன்று இருப்பதில்லை. குறைந்தால் பூச்சி சாகாது, பழகிக்கொள்ளும். கூடினால் பணம் போவதோடு, முதுகில் டேங்கைச் சுமப்பவரின் உடம்பும் கெடும். இது மட்டும் சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை.

எனவே மூன்று காரியம் நடக்க வேண்டும். மருந்து பாட்டிலில் ஏக்கர் கணக்கும் டேங்க் கணக்கும் பெரிய தமிழ் எழுத்தில் வேண்டும். கூடவே ஒரு அளவு மூடியும் வேண்டும். வேளாண்மை விரிவாக்க மையத்திலும் கூட்டுறவு சங்கத்திலும், பயிர் வாரியாக ஏக்கருக்கு எத்தனை கிலோ உரம், அது எத்தனை மூட்டை என்று பலகை எழுதி வைக்க வேண்டும். மூன்றாவது நம் வேலை. மகசூலைச் சொல்லும்போது கிலோவில் சொல்லிப் பழகுவோம்.

அதுவரை, சட்டைப் பையில் பீடிக்கட்டுக்குப் பதில் ஒரு பென்சில் இருக்கட்டும்.