முதல் அத்தியாயத்திலேயே சாதி

பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றங்கரைக்குப் போகும் வழியில் உள்ள டீக்கடையில் மாலையானால் ஒரு விவாதம் கிளம்பும். "எல்லாத்துக்கும் ஒரு காரணம் உண்டுன்னா, இந்த உலகத்தைப் படைக்கவும் ஒருத்தன் இருக்கணும்ல தம்பி?" என்பார் கடைக்கார பாய். "அந்த ஒருத்தனைப் படைச்சது யாரு பாய்?" என்பேன். இருபது வயதில் இந்தக் கேள்வியோடு ஜெயித்துவிட்டதாக நினைத்து எழுந்து போயிருக்கிறேன். இப்போது அது போதவில்லை.

சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் பேரண்டம் மிக வெப்பமான, அடர்ந்த நிலையிலிருந்து விரியத் தொடங்கியது என்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு. அதற்கு முன் என்ன என்பதற்கு இயற்பியலில் இன்னும் முடிவான விடை இல்லை. இதை ஒப்புக்கொள்வதில் நமக்குக் கூச்சம் வேண்டாம். பேரண்டம் விரிகிறது என்று 1927இல் கட்டுரை எழுதிய பெல்ஜியத்தின் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்த அறிவியலைப் படைப்புக்குச் சான்றாக்கிப் பேசியபோது, அவருக்கே அது பிடிக்கவில்லை.

நம் வாட்ஸ்அப் பக்தர்களுக்கு அந்த நேர்மை கிடையாது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் நிற்கும் நடராசர் சிலையைக் காட்டி, 'தில்லையை விஞ்ஞானமே ஏற்றுக்கொண்டது' என்கிறார்கள். அது 2004இல் இந்திய அரசு கொடுத்த அன்பளிப்பு. பூமியின் காந்த நடுக்கோடு சிதம்பரம் வழியாகப் போகிறதாம். அது தெற்கே வெகுதூரம் தள்ளிப் போகிறது. அதை ஆராயும் கூடம் திருநெல்வேலியில் இருக்கிறது.

அதே 1927இன் டிசம்பர் 25 அன்று மகத்தில் அம்பேத்கரின் தலைமையில் மநுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அந்த நூல் எதில் தொடங்குகிறது? தீண்டாமையிலோ தண்டனையிலோ அல்ல, உலகத் தோற்றத்தில். இருள், நீர், பொன்முட்டை, அதிலிருந்து பிரம்மா. அதே அத்தியாயத்தில் வாய், தோள், தொடை, பாதம் என்று நான்கு வருணங்களும் பிறந்துவிடுகின்றன. ரிக் வேதத்தின் புருஷ சூக்தத்திலும் இதே உடல்தான்; சூரியனும் சந்திரனும் பிறக்கும் இடத்திலேயே சூத்திரனும் பிறக்கிறான். சாதி மனிதர்கள் போட்ட ஏற்பாடு என்றால் மாற்றலாம். சூரியனோடு சேர்ந்து வந்தது என்றால் யார் கேட்பது? அம்பேத்கர் 1946இல் 'சூத்திரர்கள் யார்?' நூலைப் புருஷ சூக்தத்தைப் பிரித்துப் பார்ப்பதில் தொடங்கியது இதனால்தான்.

படைத்தலும் அழித்தலும் நடக்கும் நடனம் என்று சொல்லப்படும் தில்லையில், நந்தன் நெருப்பில் இறங்கி, பூணூலோடு எழுந்த பிறகே உள்ளே போக முடிந்தது என்கிறது பெரிய புராணம். அங்கே பக்தர்கள் கனகசபை மீதேறிக் கும்பிட 2022 மே மாதம் அரசாணை போட வேண்டியிருந்தது. பேரண்டத்தையே ஆட்டுவிக்கும் ஆட்டத்தைப் பார்க்க அரசாணை!

ஆகவே 'படைத்தவன் உண்டா?' என்பதற்கு முன், 'அவன் எங்களை எதிலிருந்து படைத்தான் என்கிறீர்கள்?' என்று கேட்டுவிடுகிறேன். பாயிடமும் கேட்டேன். "எல்லாரையும் ஒரே மண்ணுலேருந்துதான் தம்பி" என்றார். எங்கள் சேரியின் சுடுகாட்டுப் பாதை கேட்டு எழுதிய மனு பையில் இருந்தது. எடுத்து நீட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.