காலி சேம்பர் என்னும் சமாதானம்

டெக்ஸாஸில் கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகி, மேலே ஒரு தொளதொள டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு காஸ்ட்கோவுக்குப் போய்வரும் நம்மூர் சாஃப்ட்வேர்க்காரர்கள் இன்று அபூர்வம் இல்லை. 2021 செப்டம்பர் முதல் இங்கே 21 வயது நிரம்பிய, துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டத் தடை ஏதும் இல்லாத எவரும் லைசென்ஸ் எடுக்காமலேயே அப்படிப் போகலாம். எச்1பி விசாவில் இருக்கும்வரை ஃபெடரல் சட்டம் பொதுவாக விடாது. அதனால் கிரீன் கார்டு கைக்கு வந்ததும் வாங்கும் பொருட்களின் வரிசையில் இதுவும் சேர்ந்துவிட்டது. வீடு, பெரிய கார், அப்புறம் ஒரு க்ளாக்.

இவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். சேம்பரில் தோட்டா இருக்கா, இல்லையா?

"சேச்சே, சேம்பர் காலி. மேகசின்லதான் இருக்கு. வீட்ல குழந்தைங்க இருக்காங்கல்ல." நான் கேட்டவர்களில் பெரும்பாலோரின் பதில் இதுதான். சொல்லும்போது முகத்தில் ஒரு பொறுப்பான அப்பாவின் பெருமிதம் வரும். நான் சண்டை போட வந்திருப்பது அந்தப் பெருமிதத்தோடுதான்.

துப்பாக்கி பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிடிக்குள் செருகும் மேகசினில் தோட்டாக்கள் அடுக்கியிருக்கும். மேலே உள்ள ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட்டால் முதல் தோட்டா மேலேறி, குழலின் பின்முனையில் இருக்கும் சேம்பருக்குள் போய் உட்காரும். அதற்கப்புறம் டிரிகரை அழுத்தினால் போதும். சேம்பர் காலி என்றால் எத்தனை தடவை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. முதலில் ஸ்லைடை இழுக்க வேண்டும். அதற்கு இன்னொரு கை வேண்டும், அரை நொடியோ ஒரு நொடியோ வேண்டும். இந்த அரை நொடியை வைத்துத்தான் இத்தனை வருஷச் சண்டை.

காலி சேம்பர் வழக்கம் முட்டாள்தனத்தில் பிறந்தது இல்லை. 1873ஆம் வருஷத்து கோல்ட் ரிவால்வரில் சுத்தியலின் ஊசி நேராகத் தோட்டாவின் பின்புறத்தில் போய் உட்காரும். ஒரு தட்டு பட்டால் வெடிக்கும். அதனால் ஆறு ஓட்டைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, காலி ஓட்டையின் மேல் சுத்தியலை இறக்கி வைப்பார்கள். அப்படி வைக்காதவர்களில் ஒருவர் சாட்சாத் வையட் எர்ப். 1876 ஜனவரியில் விச்சிட்டா நகரத்துச் சலூன் ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது ரிவால்வர் உறையிலிருந்து நழுவி விழுந்து வெடித்தது. குண்டு அவருடைய கோட்டைத் துளைத்துக்கொண்டு போனது. ஹாலிவுட்காரர்கள் இந்தக் காட்சியை ஏன் விட்டுவிட்டார்கள் என்று தெரியவில்லை.

அப்புறம் ஷாங்காய் மாநகரப் போலீஸ். அங்கே ஃபேர்பேர்ன் என்ற ஆங்கிலேய அதிகாரி, கோல்ட் பிஸ்டல்களின் சேஃப்டியை அசையாமல் ஆணியடித்து முடக்கிவிட்டு, சேம்பரைக் காலியாக வைத்து, உருவும்போதே ஸ்லைடை இழுத்துச் சுடும்படி தன் ஆட்களைப் பழக்கினார். பிற்காலத்தில் இஸ்ரேல்காரர்கள் அதையே செய்ததால் அவர்கள் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. ஆனால் ஃபேர்பேர்னின் ஆட்கள் அதைத் திரும்பத் திரும்பப் பயிற்சி செய்தார்கள். கையில் இருந்ததும் அந்தக் காலத்துத் துப்பாக்கி.

1982இல் ஆஸ்திரிய ராணுவம் க்ளாக்கை எடுத்துக்கொண்ட பிறகு கதை மாறியது. டிரிகர் முழுதாக அழுந்தாமல் ஊசி முன்னே வரவே முடியாதபடி உள்ளே தடைகள். கீழே போட்டாலும் சுடாது. எல்லா மாடல்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று நான் சொல்லவில்லை. சிக் சாவர் பி320 ஒரு குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் சுடக்கூடும் என்று 2017இல் தெரியவந்து, நிறுவனம் பாகங்களை மாற்றித் தர வேண்டியிருந்தது. இருந்தாலும் பொதுவாக நல்ல துப்பாக்கி தானாக வெடிப்பதில்லை, ஏதோ ஒன்று டிரிகரை அழுத்த வேண்டும். அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்ஸிகோ பர்ரெஸ் 2008 நவம்பரில் நியூயார்க் இரவு விடுதி ஒன்றில் தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டார். ஹோல்ஸ்டர் இல்லாமல் நாடா வைத்த பேன்டின் இடுப்பில் க்ளாக்கைச் செருகியிருந்தார். அது சரிந்தது, பிடிக்கப் போனார், விரல் டிரிகரில் பட்டது. இரண்டு வருஷம் ஜெயில்.

இனி பயிற்சியாளர்களின் கட்சி. நான் போன லைசென்ஸ் வகுப்பில் பாடம் எடுத்தவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். "சேம்பர் காலியான துப்பாக்கி ரொம்ப விலை கூடின சுத்தியல்" என்றார். அவர் ஆதாரமாகக் காட்டியது, இந்த உலகத்தில் எல்லோரும் காட்டும் 21 அடி கணக்கு. சால்ட் லேக் சிட்டி போலீஸில் இருந்த டென்னிஸ் டூலர் 1983இல் எழுதியது. கத்தியோடு ஓடிவருபவன் 21 அடியை ஏறக்குறைய ஒன்றரை நொடியில் கடந்துவிடுவான். பழகிய போலீஸ்காரர் துப்பாக்கியை உருவி இரண்டு குண்டு சுடுவதற்கும் அவ்வளவுதான் ஆகும். இதில் நீங்கள் ஸ்லைடை வேறு இழுக்கப் போகிறீர்களா? அந்த நேரத்தில் உங்கள் இடது கை எங்கே இருக்கும்? குழந்தையைத் தூக்கியிருக்கும், மனைவியைப் பின்னால் தள்ளிக்கொண்டிருக்கும், அல்லது அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்துக்கொண்டிருக்கும். நடுங்கும் கை ஸ்லைடைப் பாதி இழுத்து விட்டால் தோட்டா நடுவழியில் சிக்கிக்கொள்ளும். ஸ்லைடை இழுக்கும் சத்தத்தைக் கேட்டாலே திருடன் ஓடிவிடுவான் என்பதெல்லாம் சினிமா.

இதில் எதையும் நான் மறுக்கவில்லை. பயிற்சியாளர் சொன்னது முழுக்கச் சரி.

காலி சேம்பர்க்காரர் பயப்படுவதும் முழுக்கச் சரி. 2014 டிசம்பர் 30, ஐடஹோ மாநிலத்து ஹேடன் என்ற ஊரின் வால்மார்ட். ஒரு தாய், தன் இரண்டு வயது மகனை ஷாப்பிங் வண்டியில் உட்காரவைத்து, பக்கத்தில் கைப்பையை வைத்திருந்தார். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி ஜிப் அறையோடு தைத்த பை. கிறிஸ்துமஸுக்குக் கணவர் கொடுத்த பரிசு. குழந்தை ஜிப்பைத் திறந்து துப்பாக்கியை எடுத்துச் சுட்டது. தாய் அங்கேயே இறந்துபோனார். அந்தச் சேம்பர் காலியாக இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். இரண்டு வயதுக் கையால் ஸ்லைடை இழுக்க முடியாது, டிரிகரை அழுத்த முடியும். ஹோல்ஸ்டரில் உடம்போடு வைத்திருக்கணும், பையில் வைத்தது தப்பு என்பார்கள் பயிற்சியாளர்கள். அதுவும் சரி. ஆனால் இந்தச் சம்பவத்தைக் கேட்ட ஒரு அப்பா "எனக்கு வேண்டாம்பா, காலியாவே இருக்கட்டும்" என்று சொன்னால் அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இரண்டு பேரும் சரி என்றால் என்ன அர்த்தம்? தாக்க வருபவனுக்கு எதிராகத் தயாராக இருக்கும் துப்பாக்கி, உங்கள் குழந்தைக்கு எதிராகவும் அதே அளவு தயாராக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டும் ஒரே தயார்நிலைதான். பயிற்சியாளர்கள் இதன் முன்பாதியை நிரூபித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். நம் ஆள் பின்பாதியைப் பார்த்துப் பயந்து, துப்பாக்கியும் வேணும் பயமும் வேண்டாம் என்று நடுவில் ஒரு இடம் கண்டுபிடிக்கிறார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். அவர் வாங்கிய காரணத்துக்கு அந்தத் துப்பாக்கி உதவாது, ஆனால் துப்பாக்கி வீட்டில் இருப்பதால் வரும் கேடுகளில் பெரும்பாலானவை அப்படியே இருக்கும்.

என் தொழிலில் மிக மோசமான பிழைகள் வெளியே தெரியாத நிலையில் இருந்து வருபவை. ஒரு மாறியின் மதிப்பு பூஜ்யம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சேம்பரும் அப்படித்தான். "காலி" என்பது உங்கள் ஞாபகத்தில் இருக்கும் ஒரு தகவல், வெளியே இருந்து பார்த்தால் துப்பாக்கி ஒரே மாதிரிதான் இருக்கும். சுடும் பயிற்சிக்குப் போய்வந்த சனிக்கிழமை சாயங்காலம் அந்தத் தகவல் சரியா? மேகசினைக் கழற்றுவதற்கு முன்னால் ஸ்லைடை இழுத்தால், உள்ளே இருந்த தோட்டா வெளியே குதிக்கும், அடுத்தது உள்ளே ஏறிக்கொள்ளும். கண்ணால் ஒரு தோட்டா வெளியே வந்ததைப் பார்த்திருப்பீர்கள், மனசு "காலி" என்று குறித்துக்கொள்ளும். இதற்கு மேல் ஒரு கொடுமை. க்ளாக்கைத் துடைப்பதற்காகப் பிரிக்கும்போது டிரிகரை அழுத்தியே ஆக வேண்டும், அதன் வடிவமைப்பு அப்படி. சுவரில் ஓட்டை போட்டவர்கள் எல்லோரும் காலி என்று நம்பித்தான் அழுத்தினார்கள். எப்போதும் தோட்டா உள்ளே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பவருக்கு இருக்கும் பயம் காலி சேம்பர்க்காரருக்கு இருக்காது. துப்பாக்கியை மேசை மேல் வைப்பார், நண்பருக்கு எடுத்துக் காட்டுவார், காரின் கையுறைப் பெட்டியில் விட்டுவிட்டு உள்ளே போவார்.

காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கே ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று பாதி இடங்களுக்குள் துப்பாக்கியைக் கொண்டுபோக முடியாது. வாசலில் பலகை இருக்கும் அல்லது சட்டமே விடாது. ஆக ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, பார்க்கிங்கில், ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்துகொண்டு, அதைக் கழற்றுவதும் மாட்டுவதும் நடக்கும். சுடப்போகும் அந்த ஒரு நாள் உங்கள் வாழ்க்கையில் வராமலே போகலாம், இந்தக் கழற்றி மாட்டுவது தினமும் வரும். 21 அடி கணக்குப் போட்ட யாரும் இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டவில்லை. கார்க் கண்ணாடியை உடைத்து எடுத்துப்போகும் திருடனுக்குச் சேம்பர் காலியா நிறைவா என்பது ஒரு பொருட்டே இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். தவறுதலாகச் சுடப்பட்டு இறந்தவர்கள் 549. தற்கொலை 26,328. காலி சேம்பர் காப்பாற்றக்கூடியது அந்த 549இல் ஒரு பகுதியை. எவனோ ஒருவன் ஓடிவரும்போது ஆளைக் கொல்லும் அளவுக்கு நீளமான அந்த அரை நொடி, இரவு இரண்டு மணிக்கு லேஆஃப் கடிதத்தோடு தனியாக உட்கார்ந்திருப்பவனுக்கு எந்தத் தடையும் ஆகாது. அவனுக்கு அவசரம் இல்லை, இரண்டு கையும் சும்மாதான் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களைப் பன்னிரண்டு வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2020இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்ட விகிதம், வைத்திருக்காத ஆண்களைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு. இந்த ஆபத்தை நம் ஆட்கள் யாரும் பேசவே மாட்டார்கள். கொள்ளைக்காரன் வருவான் என்று சொல்வதில் கூச்சம் இல்லை, தனக்கு மனசு உடையக்கூடும் என்று சொல்வதில்தான் கூச்சம்.

தற்காப்புக்கு உதவிய எண்ணிக்கையை யாராவது எடுத்து வீசுவார்கள். வருஷத்துக்கு 25 லட்சம் தடவை என்று 1995இல் கிளெக்கும் கெர்ட்ஸும் மதிப்பிட்டார்கள். அரசாங்கத்தின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பு ஒரு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. இத்தனை மடங்கு வித்தியாசத்தோடு ஒரு எண்ணை நான் ஆபீஸில் காட்டினால் மேனேஜர் என்னைத்தான் கழற்றி மாட்டுவார்.

"அப்போ உரிமையே இல்லைங்கறியா?" இல்லை. வெளியே எடுத்துச் செல்லும் உரிமையை 2022இல் புரூன் வழக்கில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்துவிட்டது, அதில் எனக்கு வழக்கு இல்லை. நிஜமாகவே தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். நெடுஞ்சாலை ஓரத்து கேஸ் ஸ்டேஷனில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் குஜராத்தி அண்ணாச்சி, நீதிமன்றத் தடை உத்தரவையும் மீறிப் பழைய கணவன் பின்தொடரும் பெண். அவர்களுக்கு நான் சொல்வது பயிற்சியாளர் சொன்னதேதான். டிரிகரை முழுக்க மூடும் கெட்டியான ஹோல்ஸ்டர், சேம்பரில் தோட்டா, மாதம் ஒருமுறையாவது பயிற்சி, உடம்பில் இல்லாத நேரமெல்லாம் பூட்டிய பெட்டிக்குள். அவர்கள் ஒரு ஆபத்தை இன்னொரு ஆபத்தோடு எடைபோட்டு, தெரிந்தே ஒன்றை ஏற்றுக்கொள்கிறார்கள். எடை போட்டதால்தான் அவர்களால் தோட்டாவை உள்ளே வைத்துக்கொள்ள முடிகிறது.

தோட்டாவை உள்ளே வைக்கக் கை கூசுகிறது என்றால், அந்தக் கூச்சம் சரியான தகவல். உங்கள் வாழ்க்கையில் அந்த ஒன்றரை நொடி வருவதைவிட, மகன் அலமாரியைத் திறக்கும் மத்தியானம் வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம் என்று உங்கள் உள்மனசு ஏற்கெனவே கணக்குப் போட்டு முடித்துவிட்டது. அந்தக் கணக்கை நம்பி ஸ்லைடு வரைக்கும் வருகிறீர்கள், துப்பாக்கியைக் கழற்றி வைப்பது வரைக்கும் வர மாட்டேன் என்கிறீர்கள்.

கல்லூரி நண்பன் ஒருவன், ஃபிரிஸ்கோவில் இருக்கிறான், இரண்டு பெண் குழந்தைகள், ஒரு வருஷமாகக் காலி சேம்பரோடு சுற்றுகிறான். கடைசியாகச் சுடும் பயிற்சிக்குப் போனது எப்போது என்று கேட்டால் தீபாவளிக்கு முன்னாடி என்கிறான். இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப என்ன, லோடு பண்ணச் சொல்றியா, வித்துடச் சொல்றியா?" என்றான்.

"உன் விஷயத்துல? வித்துடு."

கடையில் பாதி விலைகூடத் தர மாட்டார்கள் என்று அலுத்துக்கொண்டான். தர மாட்டார்கள்தான்.